ஐம்பத்தெட்டு கிலோ அரசாங்கச் சொத்து

விருத்தகிரிக்கு உட்காருவதுதான் உத்தியோகம். சர்க்கார் ஆபீசில் எல்லாருக்கும் அதுதானே உத்தியோகம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருந்ததால் வேலை நடக்கவில்லை. விருத்தகிரி உட்கார்ந்தால்தான் வேலை நடந்தது.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில், பொம்மைச் சூளைகளைத் தாண்டிக் கடைசித் தெருவுக்குப் போனால், மண்டலப் பீங்கான் தாங்குதிறன் சான்று மையம் என்று ஒரு கட்டடம் வரும். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். சுற்றுவட்டாரத்தில் வெஸ்டர்ன் க்ளோசெட் செய்கிறவர்கள் மாதிரிக்கு ஒன்றை அங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும். அதன்மேல் நூற்று நாற்பது கிலோ பாரத்தை ஏற்றிவிட்டு, அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விரிசல் விடாவிட்டால் ‘தாங்கும்’ என்று முத்திரை குத்துவார். அந்த நூற்று நாற்பது கிலோதான் விருத்தகிரி.

ஆரம்பத்தில் இரும்பு எடைக்கற்கள்தான் இருந்தன. ஒரு பெரிய மனிதர் ஊருக்கு வந்தபோது, பந்தல் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றை இரவல் வாங்கிப்போய்ப் பந்தல் காலில் கட்டினார்கள். பந்தல் பறக்கவில்லை; கற்கள் பறந்துவிட்டன. புதுக் கற்கள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வரும்வரை வேலை நிற்கக் கூடாதே என்று, ஆபீஸ் உதவியாளராக இருந்த விருத்தகிரியைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். முள் நூற்று நாற்பதில் போய் நின்றது. அப்போதைய அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டதாம். சில வருஷம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது: மாற்று ஏற்பாடு திருப்திகரமாக இயங்கிவருவதால் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது.

அன்றோடு விருத்தகிரி ஊழியர் பட்டியலிலிருந்து தளவாடப் பட்டியலுக்கு மாறினார். எடைக்குக் கையெழுத்து கிடையாது. காலையில் ஸ்டோர்கீப்பர் ஜெயஸ்ரீ வந்து இருப்பில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எடைக்கு நாற்காலி கிடையாது. சோதனை இல்லாத நேரத்தில் கிடங்கில் ஒரு கோணிச் சாக்கின்மேல் கிடக்க வேண்டியது. வருஷா வருஷம் ஆனி மாதத்தில் எடை சரிபார்த்து, இடது புஜத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை போடுவார்கள். ஆயுத பூஜை அன்று தராசு, சுத்தியல், ஸ்டேப்ளர் வரிசையில் அவரையும் உட்காரவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுச் சூடம் காட்டுவார்கள். முதல் வருஷம் அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. போகப்போக, வேறு எந்த ஆபீசில் நமக்குச் சூடம் காட்டப் போகிறார்கள் என்று சமாதானம் ஆகிவிட்டார்.

ஆபீசுக்கு லட்சணமாக இருந்த உடம்பு வீட்டில் வேறு மாதிரி நடந்துகொண்டது. சர்க்கரை ஏறியது. முட்டி தேய்ந்தது. தூங்கும்போது குறட்டை நடுவழியில் நின்றுபோகும். மூச்சும் கூடவே நிற்கும். மனைவி பூங்கோதை பக்கத்தில் விழித்துக் கிடந்து, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வராவிட்டால் விலாவில் ஒரு குத்து விடுவாள். பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர், இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிவிடலாம், இல்லாவிட்டால் ஒருநாள் குத்தினாலும் மூச்சு வராது என்று சொன்னார்.

விருத்தகிரி ஜெயஸ்ரீயிடம் போய் லீவு கேட்டார்.

“எடைக்கு ஏதுண்ணே லீவு?” என்றார் ஜெயஸ்ரீ. நல்ல மனுஷி, ரூலுக்குள் இடம் இருந்தால் தேடிக் கொடுத்துவிடுவார். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். “ஒண்ணு செய்யலாம். பழுதுபார்க்க அனுப்புனதா காட்டலாம்.”

அப்படியே ஆயிற்று. விருத்தகிரி பஸ் ஏறும்போது சட்டைப் பையில் ‘திருப்பித் தரத்தக்க பொருள்’ என்று எழுதிய கேட்பாஸ் இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் பூங்கோதை அந்தச் சீட்டை டாக்டரிடம் நீட்டினாள். “திருப்பித் தரணும்னு போட்டிருக்குதுங்க. பாத்துக்குங்க” என்றாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் திருப்பித் தந்துவிட்டார்.

திரும்பி வந்தவருக்கு வாழைப்பழம் அளவு இரைப்பை. முதலில் வெறும் தண்ணீரும் வடிகட்டின சூப்பும். பிறகு குழைந்த கஞ்சி. பிறகு அரை இட்லி. அரை இட்லியை ஆற அமர மென்றுகொண்டே இருக்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அவசரப்பட்டு விழுங்கினால் நெஞ்சில் கல்லாக நிற்கும், அப்புறம் வாந்தி எடுக்கத் தோட்டத்துப் பக்கம் ஓட வேண்டியதுதான். ஒரு கல்யாணத்தில் மைசூர்பாகை வாயில் போட்டுவிட்டு, வேர்த்துக் கொட்டி, மணமேடை ஓரத்திலேயே படுத்துவிட்டார். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சித்திரை வெயிலில் ஃபேனைப் போட்டால் குளிரெடுத்தது. வயிற்றுத் தோல் மடிந்து தொங்கியது. வயிறு நிறைந்த பிறகும் கை மட்டும் பழைய ஞாபகத்தில் குண்டானைத் தேடிப் போயிற்று. அதைத் திருப்பி எடுத்து மடியில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. தெருவில் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரித்தார்கள்.

“என்னா மாமா இப்டி ஆயிட்ட? டாக்டரு எதுனா நாளு சொல்லியிருக்காரா?”

அவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் இருந்தன. விருத்தகிரி தன் கால் நகத்தைத் தானே வெட்டிக்கொண்டார். கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் அவர் பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்தான். அவர் திரும்பி அவனுக்கு நன்றி சொன்னார், அவன் பயந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். ராத்திரி மூச்சு நிற்கவில்லை. பூங்கோதை தூங்கினாள்.

வீட்டில் ஒரு டி.வி.எஸ். வண்டி இருந்தது. இத்தனை வருஷமும் அதில் அவர் மட்டும்தான் போவார். பூங்கோதை பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் வருவாள். ஒரு சாயங்காலம் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, “ஏறு” என்றார்.

“தாங்குமா?” என்றாள் அவள்.

“தாங்கும்” என்றார். அதைச் சொல்லும் தகுதி அந்த ஊரில் அவரைவிட யாருக்கு இருக்கிறது?

மணிமுத்தாற்றுப் பாலத்தில் போகும்போது அவள் பின்னாலிருந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள். பிறகு, “ஏங்க, கை ரெண்டும் சேருதுங்க” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேராத கை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணில் பூச்சி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

ஆபீசில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. புஜத்தில் பழைய முத்திரை இருந்தது. அவர்கள் முத்திரையைப் பார்த்தார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை. ஆனி மாதம் பிறந்து, எடை சரிபார்க்கும் நாள் வந்தது. மையத்தின் தலைமை அதிகாரி நந்தகுமார் முன்னிலையில் விருத்தகிரி தராசில் ஏறினார். நந்தகுமாரும் ஒல்லிப் பேர்வழி அல்ல. ஆனால் அதிகாரியின் எடை பதவியோடு வருவது. அதை யாரும் நிறுப்பதில்லை.

முள் எண்பத்திரண்டில் நின்றது.

“ஐம்பத்தெட்டு கிலோ குறையுதே. எங்கய்யா மீதி?” என்றார் நந்தகுமார்.

“கரைஞ்சி போச்சுங்க சார்.”

“கரைஞ்சி எங்க போச்சு?”

டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்ளாமல் வந்தது தப்பு என்று விருத்தகிரிக்குப் பட்டது.

மதியம் எல்லா ஊழியர்களையும் கூட்டி நந்தகுமார் பேசினார். விருத்தகிரி மட்டும், தளவாடம் என்பதால், மேஜைப் பக்கமாக வைக்கப்பட்டிருந்தார்.

“நண்பர்களே! ஒரு மனிதனின் உடம்பு அவனுக்குச் சொந்தம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவருடைய நூற்று நாற்பது கிலோவும் அரசாங்கச் சொத்து. உயிர் மட்டும் அவருடையது; அது நம் இருப்பில் வராது. என் சர்வீஸில் ஒரு குண்டூசி தொலைந்ததில்லை. காரணம், நான் எந்தப் பொருளையும் தொட்டதே இல்லை. தொடுகிறவன்தான் தொலைக்கிறான்! நம்முடைய முத்திரையை நம்பி இந்த நிமிஷம் தமிழ்நாடு முழுவதும் எத்தனை குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன! அவர்கள் எழுந்திருப்பதற்குள் நாம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.”

கைதட்டினார்கள். விருத்தகிரியும் தட்டினார்.

முதல் முடிவு, வெட்டி எடுத்த பாகத்தை விருத்தகிரி உடனே ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது. “லாரிக்கு டயர் மாத்துனா பழைய டயர ஒப்படைக்கிறோமில்ல? இதுவும் அதான்” என்று நந்தகுமார் விளக்கினார். விருத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எடுத்த நர்ஸம்மா முதலில் சிரித்தார், அப்புறம் திட்டினார்.

“அத அப்பவே எரிச்சிட்டாங்களாம் சார்.”

“யார் அனுமதியோட?”

இரண்டாவது முடிவுதான் வினை. ஆயுத பூஜைக்குள் எடை பழையபடி நூற்று நாற்பதுக்கு வர வேண்டும். வராவிட்டால் விருத்தகிரி உபயோகமற்ற பொருளாகக் கழிக்கப்பட்டு, உடைந்த ஃபேன்களோடு சேர்த்து ஏலம் விடப்படுவார். ஏலச் சரக்கைப் பார்வையிட வேப்பூரிலிருந்து ஒரு காயலான்கடைக்காரர் முன்கூட்டியே வந்துவிட்டார். ஃபேனைத் தட்டிப் பார்த்தார், மேஜையை ஆட்டிப் பார்த்தார், விருத்தகிரியின் முழங்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்.

“இதுல இரும்பு எவ்ளோம்மா தேறும்?”

“இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அதுக்குத்தான் டாக்டரு தெனம் மாத்திர குடுத்திருக்காரு” என்றார் ஜெயஸ்ரீ. காயலான்கடைக்காரர் அலுத்துக்கொண்டு ஃபேன் பக்கம் நகர்ந்தார்.

வீட்டில் விருத்தகிரி இதைச் சொன்னபோது பூங்கோதை, “ஏலத்துல வுட்டா நானே எடுத்துக்கிறேன், வுடுங்க” என்று சிரித்தாள். ஆனால் வேலை போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இந்த வயசில் உட்காரத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எந்த ஆபீசில் போய் நிற்பது? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் நாலு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிடிவாதமாகத் தின்றால் இரைப்பை விரிந்து கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது பூங்கோதை தட்டை இழுத்துக்கொண்டாள்.

“மூச்சு நின்னு நின்னு வருமே, அத நீங்க கேட்டதில்லங்க. நாந்தான் கேட்டிருக்கேன். இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது” என்றாள்.

அவள் அழுது அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. நந்தகுமார் மேல் வரவில்லை. அதிகாரி மேல் ஆத்திரப்பட அவர் உடம்பு பழகியிருக்கவில்லை.

இதற்கிடையில் ஆபீசில் எடை மீட்புக் குழு அமைக்கப்பட்டிருந்தது. நந்தகுமார் தலைவர், ஜெயஸ்ரீ செயலாளர், இன்னும் இரண்டு மூன்று பேர் சாப்பிடக்கூடியவர்கள். தினமும் மதியம் விருத்தகிரியை ஆபீஸ் ஜீப்பில் ஏற்றி, வேப்பூர் நெடுஞ்சாலை ஓட்டலுக்குக் கூட்டிப்போவார்கள். மட்டன் பிரியாணி வரும், சுக்கா வரும், ஆஃப்பாயில் வரும். விருத்தகிரி இரண்டு வாய் வைப்பார். மூன்றாவது வாயில் நெற்றி வேர்த்து, பஸ்ஸுகளும் லாரிகளும் நிற்கும் ஓட்டல் பின்பக்கம் போய்விட்டு வருவார்.

“பாக்கி சாப்பாட்ட வூட்டுக்குக் கட்டிக் குடுத்துடலாமா சார்?” என்று ஜெயஸ்ரீ முதல் நாளே கேட்டார். அவர் தயிர்சாத டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்.

“கூடாது. அரசாங்க உணவு அரசாங்கக் கண்காணிப்பை விட்டு வெளியே போகக் கூடாது. வீணாகவும் கூடாது. என்ன செய்வது, குழுதான் பொறுப்பேற்க வேண்டும்” என்று சொல்லி, நந்தகுமார் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆடியிலும் ஆவணியிலும் குழு ஒரு நாள்கூடப் பொறுப்பிலிருந்து தவறவில்லை. புரட்டாசி பிறந்ததும் பிரியாணியை விட்டு நெய்ப்பொங்கலுக்கும் பாதாம் அல்வாவுக்கும் மாறியது. தொழிற்பேட்டையில் சோதனைக்கு வந்த க்ளோசெட்டுகள் வாசல் வரைக்கும் வரிசையாக நின்றன. நந்தகுமாரின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் தெறித்து ஒரு க்ளோசெட்டுக்குள் விழுந்தது. விருத்தகிரி மட்டும் அதே எண்பத்திரண்டில் இருந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து சேரன் என்று ஒரு தணிக்கை அதிகாரி வந்தார். வெற்றிலைக் காம்பு மாதிரி மனிதர். வாழ்க்கையில் எந்தத் தமாஷையும் தமாஷாக எடுத்துக்கொண்டதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பொருள் ஒரு இடத்தில் குறைந்தால் இன்னொரு இடத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நம்பிய சாமி.

“மீட்பு நடவடிக்கை மும்முரமாக நடக்கிறது, சார். நேரிலேயே பாருங்கள்” என்ற நந்தகுமார், ஒரு தாம்பாளம் நிறைய நெய்ப்பொங்கலை விருத்தகிரி முன்னால் வைக்கச் சொன்னார். “சாப்பிடுய்யா. இன்னிக்கு விட்டா நாளைக்கு ஏலந்தான்.”

விருத்தகிரி பொங்கலைப் பார்த்தார். ஒரு உருண்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து, மதியத்துக்கு அவித்த முட்டையும் பயறும் கொண்டுவந்த பூங்கோதை, சின்னக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

“கையக் கீழ போடுங்க” என்றாள்.

அவர் போட்டுவிட்டார். அவள் நேரே சேரனிடம் போனாள்.

“சார், எங்க வூட்டுக்காரரு எறக்கி வச்ச எட இந்த ஆபீச வுட்டு எங்கயும் போவல. இந்தா, ஒங்க எதுருலதான் உக்காந்திருக்குது. அவருக்குன்னு வந்த சோறெல்லாம் எங்க போச்சோ, அதுவும் அங்கதான் போயிருக்குது. சந்தேகமா இருந்தா இவர ஏத்திப் பாருங்க!”

அவள் காட்டிய திசையில் நந்தகுமார் இருந்தார். சேரன் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

“மீட்பு உணவை யார் சாப்பிட்டது?”

“கமிட்டி சார். பெரும்பகுதி தலைவர்” என்றார் ஜெயஸ்ரீ.

நந்தகுமார் எழுந்து நின்றார். எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. “சார், நான் ஆசைக்குச் சாப்பிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பிரியாணியே பிடிக்காது. ஒவ்வொரு கவளமும் கடமை!”

“அப்படியானால் அதனால் ஏறிய எடை உங்கள் சொந்த எடை இல்லை?”

“இல்லவே இல்லை! ஒவ்வொரு கிராமும் அலுவல் ரீதியானது!”

“நல்லது. ஏறுங்கள்” என்றார் சேரன்.

நந்தகுமார் தராசில் ஏறினார். முள் கொஞ்சம் ஆடி, நூற்று நாற்பதில் போய் நின்றது. சேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“இருப்பு சரியாக இருக்கிறது. குறைவு ஏதுமில்லை. பொருள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்” என்று சொல்லி, நந்தகுமாரின் இடது புஜத்தில் தன் கையாலேயே ஊதா முத்திரையைப் போட்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. தராசு, சுத்தியல், ஸ்டேப்ளர், அதற்கு அடுத்தாற்போல் நந்தகுமார் மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஜெயஸ்ரீ சந்தனம் வைத்தார். புது அதிகாரி வரும்வரை சூடம் காட்டும் வேலை விருத்தகிரிக்கு வந்தது. தளவாடப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டதால் அவர் மறுபடி ஊழியர் ஆகியிருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், பிரம்பு பின்னிய பழைய நாற்காலி. காலையிலிருந்து மூன்று தடவை அதில் உட்கார்ந்து எழுந்துவிட்டார். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. விரிசல் விட்டதா என்று யாரும் குனிந்து தேடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

பூஜை முடிந்து எல்லாரும் பொரி வாங்கப் போனதும் நந்தகுமார் ரகசியமாகக் கூப்பிட்டார். பூஜைக்கு முன்பே நாலு க்ளோசெட்டில் உட்கார்ந்து எழுந்திருந்தார், முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“விருத்தகிரி... ராத்திரி மூச்சு நிக்குதுன்னு என் வூட்ல சொல்றாங்கய்யா. அந்தப் பாண்டிச்சேரி டாக்டர் அட்ரஸ் வச்சிருக்கியா?”

விருத்தகிரிக்கு மனசு கேட்கவில்லை. அட்ரஸைச் சொன்னார். பொரி தின்னும்போது தண்ணீர் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மெல்ல வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தார். நந்தகுமார் ஜெயஸ்ரீ பக்கம் திரும்பினார்.

“ஜெயஸ்ரீ, ஒரு மாசம் லீவு வேணும்மா.”

“எடைக்கு லீவு கெடையாதுங்களே சார். பழுதுபார்க்க வேணா அனுப்பலாம்” என்றார் ஜெயஸ்ரீ, பொரியைக் கொறித்துக்கொண்டே. “ஆனா வெட்டுன பாகத்தக் கொண்டாந்து ஸ்டோர்ல ஒப்படைச்சிடணும். நீங்க போட்ட உத்தரவுதான்.”